கடல் தாண்டிப் போனவருக்கு ஒரு கல்!

கல்ச்சுரல்ஸ் கடைசி நாள். க்விஸ் ஃபைனல்ஸ். மேடையில் ஆறு டீம். ஆடிட்டோரியம் ஃபுல். க்விஸ் மாஸ்டர் மைக்கைத் தட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பரம்வீர் சக்ரா விருது பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் எந்த நாட்டு மண்ணில் உயிரிழந்தார்?"

முதல் டீம், "பாகிஸ்தான்." தப்பு. ரெண்டாவது டீம், "சீனா." தப்பு. மூணாவது டீமில் இருந்த நம்மாளு ஒருத்தன் செம கான்ஃபிடன்ஸோடு, "கார்கில்!" ஹாலே சிரித்தது. அது நாடே இல்லையேடா! அடுத்த மூணு டீமும் பாஸ்... பாஸ்... பாஸ்.

"ஆன்ஸர், இலங்கை" என்றார் க்விஸ் மாஸ்டர். கைதட்டல் இல்லை. விசில் இல்லை. ஒரு மாதிரியான அமைதி. அடுத்த கேள்வி ரஜினி படத்தைப் பற்றி. விசில் பறந்தது!

ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது ரூம்மேட் சொன்னான்: "கார்கில்னா எல்லாருக்கும் தெரியும் மாப்ளே. இலங்கைக்குப் போனவங்களை யாருக்குத் தெரியும்? என்ற பெரியப்பாகூட அங்க போனவருதான். வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

அவன் சூலூர்க்காரன். ஏ.என்-32 விமானச் சத்தத்தைத் தாலாட்டு மாதிரி கேட்டு வளர்ந்தவன். நான் அன்னிக்கு ராத்திரி தூங்கலை. மொபைலில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இதைப் புத்தகத்திலும் மொபைலிலும் மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதாதுன்னு தோணிச்சு. நம்ம ஊரைச் சுத்தியே போய்ப் பார்க்க நாலு இடம் இருக்கு. கிளம்பிட்டோம்!

யார் இந்த பரமேஸ்வரன்?

1946 செப்டம்பர் 13-ல் பம்பாயில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அங்கேயே பள்ளி, கல்லூரி. சயின்ஸ் டிகிரி. அப்புறம் சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி. 1972-ல் மஹார் ரெஜிமென்ட்டில் அதிகாரி ஆனார். நம்மைப் போல ஒரு சாதாரண காலேஜ் ஸ்டூடன்ட்டாக இருந்து ராணுவத்துக்குப் போனவர்தான்.

1987 ஜூலை 29. ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்திய அமைதிப் படை இலங்கைக்குப் போனது. வேலை? சண்டையை நிறுத்தி, ஆயுதங்களை வாங்கி வைப்பது. வடக்கில் பல இடங்களில் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். ஆனால், மூணே மாசத்துக்குள் எல்லாம் தலைகீழ். அக்டோபரில் அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் வெடித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய காலாட்படை வீரர்கள் 30 பேரில் 29 பேர் திரும்பவே இல்லை. ஒரு யுனிவர்சிட்டி கேம்பஸில்! நாம கிரிக்கெட் ஆடுற மாதிரி ஒரு கிரவுண்ட் பக்கத்தில்!

நவம்பர் 25. யாழ்ப்பாணத்தில் கந்தரோடை என்ற ஊர். ஒரு வீட்டில் ஆயுதங்கள் வந்து இறங்கியிருப்பதாகத் தகவல். தேடப் போன குழுவுக்கு மேஜர் பரமேஸ்வரன் தலைமை. அந்த நடவடிக்கையின்போது இருட்டில் மறைந்திருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள். அவர் பதறவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வளைத்து, எதிர்பாராத திசையில் இருந்து பாய்ந்தார். நேருக்கு நேர் கைகலப்பு. நெஞ்சில் குண்டு பாய்ந்தது. அந்த நிலையிலும் எதிரில் இருந்தவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரைச் சுட்டு வீழ்த்தினார். கடைசி மூச்சு வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. அப்போது அவருக்கு வயது 41.

இலங்கைப் போரில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இவர் ஒருவர்தான்.

ஒரு தமிழர். தமிழ் பேசுகிற மண்ணில். தமிழ் பேசுகிறவர்களோடு நடந்த சண்டையில். இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்க விடலை. யாருக்காகக் கைதட்டுவது? யாருக்காக அழுவது? அந்த ஹாலில் விழுந்த அமைதிக்கு இதுதான் காரணமோ?

ஸ்டாப் 1: வெலிங்டன்

சனிக்கிழமை. விடியறதுக்கு முன்னாடியே காந்திபுரத்தில் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம். 7.10-க்கு மலை ரயில். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ரயில். கல்லாறில் இருந்து பல்சக்கரத்தைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. மாடு ஏர் இழுக்கிற வேகம். ஜன்னலில் பாக்கு மரம் போய், காடு வந்து, மேகம் வருகிறது.

ரன்னிமேடு தாண்டும்போது எதிர் சீட் பெரியவர் மரங்களுக்கு நடுவே கை காட்டினார். "அக்கட்டாலதானுங் தம்பி ஹெலிகாப்டர் விழுந்துச்சு." 2021 டிசம்பர் 8. சூலூரில் கிளம்பி வெலிங்டன் போன முப்படைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் காட்டேரிக்குப் பக்கத்தில் விழுந்தது. அதில் போன 14 பேருமே இறந்தார்கள். மறுநாள் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக மலை இறங்கி சூலூருக்குப் போனபோது, ரோட்டோரம் நின்ற நம்ம ஜனங்க பூ தூவினாங்களே... ஞாபகம் இருக்கா? யாரும் சொல்லிக்கொடுக்கலை. தானா வந்தாங்க. தானா அழுதாங்க.

இதை அப்படியே மனசில் வெச்சுக்குங்க. அப்புறம் வர்றேன்.

குன்னூர் தாண்டி அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். ஆங்கிலேயர் பேர் வைப்பதற்கு முன்னால் இதற்கு ஜக்கதளா என்று பேர், பக்கத்தில் உள்ள படகர் கிராமத்தின் பேர். இங்கேதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையகம். 1758-ல் தொடங்கும் வரலாறு, இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை ரெஜிமென்ட். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடு வரை போய் வந்த படை. தென் மாநிலங்களின் பையன்கள் இங்கேதான் ராணுவ வீரர்களாகிறார்கள்.

யூகலிப்டஸ் வாசனை. எங்கேயோ ஒரு விசில். நம்ம வயசுப் பையன்கள், சொல்லப்போனா நம்மைவிடச் சின்னவங்க, மூச்சு வாங்க ஓடிட்டிருந்தாங்க. கேட்டில் நின்ற காவலர், "உள்ள போகணும்னா பர்மிஷன் வாங்கிட்டு வரணும் தம்பி. போட்டோ வேண்டாம்" என்று அன்பாகத்தான் சொன்னார். ரோட்டில் இருந்தே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பரமேஸ்வரன் இந்த ரெஜிமென்ட் இல்லை. ஆனால் அவருடைய 8-வது மஹார் பட்டாலியன் யாழ்ப்பாணத்தில் இருந்த அதே பிரிகேடில்தான் 5-வது மெட்ராஸும் இருந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கம் தெரியுமா? "வீர மதராசி... அடி கொல்லு, அடி கொல்லு!" சுத்தத் தமிழ். மற்ற எல்லைகளில் எதிரிக்கு இது ஒரு சத்தம், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில்? ஒவ்வொரு எழுத்தும் புரிந்திருக்கும்.

ரூம்மேட் ஒண்ணும் பேசலை. இறங்கும்போது பஸ்ஸில் வந்தோம். மேட்டுப்பாளையம் வரைக்கும் ரெண்டு பேரும் ஜன்னலையே பார்த்துட்டு வந்தோம்.

ஸ்டாப் 2: சூலூர், ஒரு பேக்கரி

கோயமுத்தூர்க்காரங்களுக்கு பேக்கரின்னா பன்னு மட்டும் இல்லை. டீ, அரட்டை, அரசியல், காதல், கல்யாணம் எல்லாமே அங்கேதான். ஞாயிறு சாயங்காலம் ரூம்மேட்டின் பெரியப்பாவை அப்படி ஒரு பேக்கரியில்தான் பார்த்தோம். வெள்ளை வேட்டி, நரைத்த கிராப். உட்கார்ந்திருக்கும்போதே முதுகு நேராக இருந்தது.

"ஏங்கண்ணு, அதெல்லாம் எதுக்கு இப்போ? பரீட்சைக்குப் படிங்க" என்றார். ரெண்டு டீ சொன்னார். தேங்காய் பன் சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் சும்மா இருந்தார். தானாகவே ஆரம்பித்தார்.

"அங்க போயி இறங்கினப்ப எனக்கு இருவத்தி நாலு வயசு. மொத நாளு ஒரு வீட்டுக் கெணத்துல தண்ணி கேட்டேன். அந்த அம்மா செம்புல குடுத்துட்டு, 'நீங்க தமிழோ தம்பி'ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். அவ்வளவு சந்தோசம் அவிங்களுக்கு. ரெண்டு மாசம் கழிச்சு அதே வீதில போனேன். அதே அம்மா. கதவைச் சாத்திக்கிட்டாங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த அம்மா மேல தப்பில்லீங். என்ற மேலயும் தப்பில்ல. ஆனா கதவு சாத்துன சத்தம் இன்னும் காதுல இருக்குது."

கூட இருந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். ஒரு பேரைச் சொன்னார். தாராபுரம் பக்கத்துப் பையனாம். ரெண்டு பேரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். "அவன் வரல" என்று மட்டும் சொன்னார். "அந்தப் பேரை எழுதிப்போடாதீங்க கண்ணு. அவங்கம்மாகூட இப்ப இல்ல. ஆனா நான் வருசா வருசம் அந்தத் தேதிக்கு ஒருக்கா அவன் பேரை வாய்விட்டுச் சொல்லுவேன். ஆளில்லாத எடமாப் பாத்துச் சொல்லுவேன்."

"ஏன் ஆளில்லாத இடத்துல?"

"யாருகிட்ட சொல்றது? திரும்பி வந்தப்ப நெலமை அப்படி. ரயில்ல யூனிபார்ம் போடாம வந்தேன் கண்ணு, சொந்த ஊருக்கு!"

அவர் சொன்னது 1990. அமைதிப் படையின் கடைசி வீரர்கள் அந்த வருஷம் மார்ச் 24-ல் இலங்கையை விட்டுக் கிளம்பினார்கள். சென்னைத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்தன. வரவேற்பு விழாவுக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் எடுத்த நிலை. தமிழ்நாட்டில் அன்று நிறைய பேரின் மனசும் அப்படித்தான் இருந்தது.

இப்போ ரயிலில் சொன்னதை எடுத்துக்குங்க. 2021-ல் ஆம்புலன்ஸ் மேல் பூ தூவின அதே தமிழ்நாடு. 1990-ல் மௌனம். ஜனங்க மாறிட்டாங்களா? இல்லை. ஒன்று விபத்து, இன்னொன்று போர். அதுவும் நம்ம மொழி பேசுறவங்க வீட்டு வாசலில் நடந்த போர்.

இலங்கையில் உயிரிழந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் அவர்கள் பேர்களைப் பொறித்த ஒரு நினைவிடம் இருக்கிறது. கட்டிக் கொடுத்தது இலங்கை. இந்தியாவில்? டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25-ல்தான். சுதந்திர இந்தியாவின் எல்லாப் போர்களிலும் இறந்த 25,000-க்கும் அதிகமான வீரர்களின் பேர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. இலங்கையில் இறந்தவர்கள் பேரும் உண்டு. 2023 ஜனவரியில் அந்தமான் தீவுகளில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா வீரர்களின் பேர் வைத்தார்கள். அதில் ஒரு தீவு பரமேஸ்வரன் பேரில். சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கும் அவர் பேர்தான்.

அதாவது கல்லில் பேர் வந்துவிட்டது. வாயில்தான் இன்னும் வரலை.

ஸ்டாப் 3: பூலுவப்பட்டி

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் எங்க கிளாஸில் ஒரு தோழி இருக்கிறாள். பூலுவப்பட்டி முகாமில் பிறந்து வளர்ந்தவள். சிறுவாணி ரோட்டில் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம். இப்போது மறுவாழ்வு முகாம் என்கிறோம். அவள் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது. விஷயத்தை அவளிடம் சொன்னேன். முகம் மாறியது. "எழுது. ஆனா அம்மம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு எழுது" என்றாள்.

அந்தச் சின்ன வீட்டில் அம்மம்மா எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"ராசா, எண்பத்தேழாம் ஆண்டு தீபாவளி எங்களுக்கு எப்பிடி இருந்ததெண்டு தெரியுமோ?" என்றார்.

அக்டோபர் 21. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்தது. உள்ளே இருந்து சுட்டார்கள் என்றது படை. அன்றும் மறுநாளும் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள், ஊழியர்கள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இன்றும் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் இறந்த ஊழியர்களின் படங்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் விளக்கேற்றுகிறார்கள்.

அம்மம்மாவுக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் அதில் இருந்தாராம். அந்தப் பேரையும் அவர் சொன்னார்.

"அந்த ஆமிக்காரப் பெடியளும் ஆரோ ஒரு தாய் பெத்த பிள்ளையள்தானே. ஆர் அனுப்பினது, ஏன் அனுப்பினது எண்டு அதுகளுக்கே தெரியாது. அவையின்ர பேரை எழுதுங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா எங்கட ஆக்களின்ர பேரை மறைச்சுப்போட்டு எழுதாதேங்கோ. அவ்வளவுதான் ராசா."

பேக்கரியில் ஒரு பேர். முகாமில் ஒரு பேர். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. இதை எனக்குப் புரிய வைத்தவர்கள், ஒரே போரில் எதிரெதிர் பக்கம் நின்ற ரெண்டு பெரியவர்கள். ஆர்ட்ஸ் காலேஜ் விவாத மேடையிலும் இதைக் கேட்டதில்லை, டி.வி. டிபேட்டிலும் கேட்டதில்லை.

ஸ்டாப் 4: கொடுமணல்

கடைசி ஸ்டாப் நான் பிளான் பண்ணினது இல்லை. கந்தரோடை எங்கே இருக்கிறது என்று தேடியபோது வந்து விழுந்தது ஒரு தொல்லியல் செய்தி. கந்தரோடை சும்மா ஒரு கிராமம் இல்லையாம். 2,000 வருஷத்துக்கும் முந்தின ஊர். அங்கே தோண்டியபோது கிடைத்தவை கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள். அதே வகைப் பானை ஓடுகள் குவிந்து கிடக்கிற இடம் ஒன்று நம்ம கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. ஈரோடு மாவட்டம், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் கொடுமணல்! பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருகிற ஊர் இதுதான்.

திருப்பூர் போய், பஸ் மாறி, கொஞ்ச தூரம் நடந்து போய்ச் சேர்ந்தோம். பெரிய கோட்டை, கோபுரம் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீங்க. கிளுவை வேலி, வெயில், மேய்கிற ஆடுகள். நடுவில் வட்ட வட்டமாகக் கற்கள். கல்வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஈமக்குழி. 1985-லிருந்து இங்கே அகழாய்வுகள் நடந்திருக்கின்றன. கல்மணிகள் செய்து விற்ற, இரும்பை உருக்கிய ஊர் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். சில குழிகளில் இறந்தவரோடு வாளையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது பானை ஓடுகளில் இருந்த எழுத்து. தமிழி எழுத்தில் கீறிய பேர்கள். கண்ணன் ஆதன். பண்ணன். சும்மா ஆளுங்க பேர்! ராஜா இல்லை, மந்திரி இல்லை. என் தட்டு, என் பானை என்று கீறி வைத்த பேர். ரெண்டாயிரம் வருஷம் கழித்து நான் அதைச் சத்தமாகப் படிக்கிறேன்.

நம்ம ஆளுங்களுக்குப் பேரைக் காப்பாற்றத் தெரியும். கோவை, திருப்பூர் பக்கம் எத்தனை புலிகுத்திக் கல் இருக்கிறது! பட்டியில் இருந்த ஆட்டையும் மாட்டையும் காப்பாற்றப் புலியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட கல். பல ஊரில் அந்தக் கல்லுக்கு இன்னும் பொங்கல் வைக்கிறார்கள். வீரனுக்குக் கல் நடுவதை ஆறு கட்டமாகச் சொல்கிறது தொல்காப்பியம். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஆரம்பித்து, கொண்டு வந்து, நீராட்டி, நட்டு, படையல் வைத்து, கடைசியில் வாழ்த்துவது வரை. கவனிங்க, கல்லை நட்டதோடு முடியலை. வாயால் வாழ்த்தினால்தான் முடிகிறது.

ஒரு விஷயம் உறைத்தது. நடுகல் முன்னால் நின்று யாரும், "அந்தச் சண்டை நியாயமா? எந்த ராஜா அனுப்பினான்?" என்று கேட்டுவிட்டுப் பொங்கல் வைப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லலை. கேட்கணும்! அனுப்பினவர்களிடம் கேட்கணும். டெல்லியிடமும் கேட்கலாம், கொழும்பிடமும் கேட்கலாம், ஆயுதம் தூக்கின எல்லோரிடமும் கேட்கலாம். செத்துப்போன இருபத்தி நாலு வயசுப் பையனின் பேரைச் சொல்லாமல் விடுவது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

கந்தரோடையில் பரமேஸ்வரன் விழுந்த மண்ணுக்கு அடியிலும், நாங்கள் நின்ற மண்ணுக்கு அடியிலும் ஒரே மாதிரி கறுப்பு-சிவப்புப் பானை. அந்த ஊருக்கு அவர் அந்நியரா, சொந்தக்காரரா? எனக்குத் தெரியலை. ரெண்டுமாகத்தான் இருந்திருப்பார்.

வெயில் சாய்ந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா, "எந்த ஊருங் கண்ணு? என்ன தேடறீங்க?" என்றார். என்ன சொல்வது? "சும்மா பார்க்க வந்தோமுங் ஆத்தா" என்றான் ரூம்மேட். அவர் தள்ளிப் போனதும் அவனே மெதுவாக அந்தத் தாராபுரத்துப் பேரைச் சொன்னான். பெரியப்பா சொன்ன பேர். நான் பூலுவப்பட்டி அம்மம்மா சொன்ன பேரைச் சொன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னோம், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்.

ஆளில்லாத இடம்தான். ஆனால் இந்த முறை ரெண்டு பேர் இருந்தோம்.

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த கல்ச்சுரல்ஸில் இந்தக் கேள்வி திரும்ப வந்தால் தயங்காமல் பஸ்ஸரை அழுத்துங்க. பதில் சொன்னதும், முடிந்தால் கைதட்டலையும் நீங்களே ஆரம்பிச்சு வையுங்க!

நீங்களும் போகலாம்...

* மலை ரயில்: மேட்டுப்பாளையத்தில் காலை 7.10. முன்பதிவு செய்வது நல்லது. மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் ரயில் நிறுத்தப்படும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்க.

* வெலிங்டன்: ராணுவப் பகுதி. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. போட்டோ எடுக்காதீங்க.

* கொடுமணல்: தோட்டம், காடு வழியாகப் போகணும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்க. பானை ஓடு எதையும் எடுத்துட்டு வராதீங்க. தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

* உங்க வீட்டிலோ, தெருவிலோ இலங்கைக்குப் போய் வந்த வீரர் யாராவது இருந்தால், அவர்தான் முதல் ஸ்டாப். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சும்மா பக்கத்தில் உட்காருங்க. அவரே பேசுவார்.